எய்தவன் யார், அம்பு யார்?

(கூடலூரில் வாசகர் வட்டத்தின் ஆண்டுக் கூட்டத்தில், ‘பயங்கரவாதத்தின் வேர் எது, பழி யாருக்கு?’ என்ற தலைப்பில் நான் பேசியதன் எழுத்து வடிவம்.)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, அலுவல் நெருக்கடியிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வட்டாட்சியர் அவர்களே, மண்டபத்தையும் மைக் செட்டையும் வாடகை வாங்காமல் தந்த வியாபாரிகள் சங்கத் தலைவர் அவர்களே, பிளஸ் டூ மாணவிகளை அழைத்து வந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, ஒரே பெஞ்சில் தோளோடு தோள் சேர்ந்து அமர்ந்திருக்கும் ஜமாஅத் தலைவர், பங்குத்தந்தை, கோயில் அறங்காவலர் ஆகிய பெரியோர்களே, சேரம்பாடியிலிருந்தும் கொளப்பள்ளியிலிருந்தும் நடுவட்டத்திலிருந்தும் இந்த மழையில் பஸ் பிடித்து வந்திருக்கும் என் தோட்டத்து உறவுகளே, அனைவருக்கும் வணக்கம். போன ஆண்டு இதே மேடையில் தலைவர் ஐயா எனக்குச் சால்வை போர்த்தினார். அந்தச் சால்வையைத்தான் இன்றைக்கும் போர்த்திக்கொண்டு வந்திருக்கிறேன். அந்த அன்புக்கு என் நன்றி.

எனக்கு முன் பேசியவர்களில் ஒருவர் வறுமைதான் வேர் என்றார். இன்னொருவர் மதவெறிதான் வேர், தூண்டிவிட்டவர்களைப் பிடி என்றார். இருவருமே ஒரு பழமொழியைச் சொன்னார்கள்: எய்தவன் இருக்க அம்பை நோவானேன். என் அப்பா வாயில் தினமும் இரண்டு முறையாவது வரும் பழமொழி அது. அதை வைத்துக்கொண்டே நான்கு விஷயங்களைப் பார்க்கலாம் என்று வந்தேன்: வறுமை, மதம், அரசு, அந்நியக் கை.

முதலில் வறுமை. பசித்தவன்தான் குண்டு எடுக்கிறான் என்றால், முதல் குண்டு இலங்கை மலையகத்து லயங்களில், தேயிலைத் தொழிலாளர் வாழ்ந்த அந்த வரிசை வீடுகளில் அல்லவா வெடித்திருக்க வேண்டும்? 1948-ல் அந்த நாடு சுதந்திரம் வாங்கிய அதே ஆண்டில் ஒரு குடியுரிமைச் சட்டம் வந்தது. தேயிலை பறித்து அந்த நாட்டுக்கே சோறு போட்ட இந்திய வம்சாவளித் தமிழர்களில் பெரும்பாலோர் ஒரே சட்டத்தில் நாடற்றவர் ஆனார்கள். 1964 அக்டோபர் 30-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் ஐந்தேகால் லட்சம் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆடுமாட்டைப் பங்கு போடும்போதுகூட எந்தத் தொழுவம் வேண்டும் என்று ஆட்டைக் கேட்பதில்லை. அப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. எங்களையும் கேட்கவில்லை.

அந்தத் தீவிலேயே அவர்களைவிட ஏழை யார் இருந்தார்கள்? ஒற்றை அறை, ஒழுகுகிற தகரம், கைநாட்டு. 1977-லும் 1983-லும் கலவரத்தில் அடியும் வாங்கினார்கள். ஆனாலும் மலையகத்தின் பெருந்திரள் துப்பாக்கி தூக்கவில்லை. தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டினார்கள். வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத் தலைவர் தொண்டமான் பேரம் பேசினார். 2003-ல் வந்த சட்டத்தோடுதான் அங்கே மீந்திருந்தவர்களின் நாடற்ற நிலை சட்டப்படி தீர்ந்தது. ஐம்பத்தைந்து வருஷம், ஐயா! மூன்று தலைமுறை மனு எழுதியே ஒரு நாட்டைச் சம்பாதித்தது.

அதே தீவில் 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. தேவாலயங்களிலும் நட்சத்திர ஓட்டல்களிலும் மனித வெடிகுண்டுகள். 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பூசைக்குப் போன குழந்தைகள் இறந்தார்கள். வெடித்தவர்களில் இருவர் பெரிய மிளகு, மசாலா வியாபாரியின் பிள்ளைகள். வீட்டில் எதற்கும் குறைவில்லை. 2011-ல் நார்வேயில் தனி ஒருவன் 77 பேரைக் கொன்றான். அங்கே என்ன பஞ்சம்?

இந்த இடத்தில்தான் அப்பாவின் பழமொழியோடு எனக்கு மனஸ்தாபம். எய்தவன் இருக்கட்டும். ஆனால் இங்கே அம்பு என்பது மூங்கில் குச்சி இல்லையே. அம்புக்குக் கண் இருக்கிறது. எதிரே நிற்பது ஒரு பிள்ளைத்தாய்ச்சி என்று அதற்குத் தெரிகிறது. தெரிந்துதான் பாய்கிறது. அந்த அம்பையும் நோகத்தான் வேண்டும். எந்தக் குறையும், எந்தக் கோபமும் அந்தக் கொலையை நியாயமாக்காது. 2006-ல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை பயங்கரவாத எதிர்ப்புக்கு ஒரு உத்தி வகுத்தது. அதன் முதல் தூணே, பயங்கரவாதம் பரவத் தோதான சூழ்நிலைகளைச் சரிசெய்வது. அதோடு சேர்த்தே, அந்தச் சூழ்நிலைகள் எதுவும் அதற்குச் சாக்காக முடியாது என்றும் எழுதிவைத்தார்கள். காரணம் வேறு, சாக்கு வேறு. இந்த இரண்டையும் குழப்புவதால்தான் நம் விவாதங்கள் சண்டையில் முடிகின்றன.

மதத்துக்கு வருகிறேன். நமக்குக் கீழேயே கோயம்புத்தூர் இருக்கிறது. 1998 பிப்ரவரி 14-ஐ இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. கிழங்கும் கேரட்டும் ஏற்றிப் போன லாரிக்காரர்களை எண்ணி எத்தனை வீடுகள் அன்றைக்கு விளக்கணைக்காமல் இருந்தன. 58 பேர் இறந்தார்கள். குண்டு வைத்தவர்கள் குற்றவாளிகள், அதில் எனக்கு ஒரு ‘ஆனால்’ கிடையாது. அதற்கு முந்தைய நவம்பரில் ஒரு காவலர் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள். நவம்பரைப் பற்றிக் கேட்காமல் பிப்ரவரியை எப்படிப் புரிந்துகொள்வது? நவம்பரைக் கேட்டதாலேயே பிப்ரவரியை மன்னித்துவிட்டோம் என்று ஆகுமா? விசாரணைக் கமிஷன் எப்போது வந்தது தெரியுமா? எல்லாம் வெடித்து முடிந்த பிறகு.

ஒரு சம்பவம் சொல்கிறேன். கடைசி பஸ் பிடிக்க வேண்டியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1991 ஜூன். மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டு ஒரு மாதம் ஆகவில்லை. எனக்குப் பதினாறு வயது. அம்மாவுக்கு மருந்து வாங்க அப்பாவும் நானும் ஊட்டிக்குப் போய்விட்டு நடுவட்டத்துக்குத் திரும்புகிறோம். நடுவட்டத்து ஜூன் மழை உங்களுக்குத் தெரியும், குடைக்குள்ளேயும் பெய்யும். பைக்காரா தாண்டி பஸ்ஸை நிறுத்தினார்கள். ஒருவர் ஏறி வரிசையாக விசாரித்தார். அப்பாவிடம், “எந்த ஊரு?”

“நடுவட்டம்ங்க.”

“சொந்த ஊரு?”

வாயை மூடிக்கொண்டு திருச்சி என்று சொல்லியிருக்கலாம். தாத்தாவுக்குத் தாத்தா போனது துறையூர்ப் பக்கத்திலிருந்துதான். அப்பா பொய் சொல்லிப் பழகாதவர். “கண்டிங்க” என்றார்.

“சிலோன்காரனா? இறங்கு!”

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அதுவரை அப்பாவின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் சட்டென்று நகர்ந்து உட்கார்ந்தார். அதை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. கப்பலேறும்போது கொடுத்த குடும்ப அட்டை வீட்டில், பிஸ்கட் டின்னுக்குள், பிளாஸ்டிக் பையில் சுற்றி பத்திரமாக இருக்கிறது. இங்கே காட்ட ஒன்றுமில்லை. மழையில் இறங்கி நின்றோம். அப்பா இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, “நாங்க இந்தியப் பிரஜைங்க ஐயா, கவர்மெண்டுதான் கூட்டிட்டு வந்துச்சு” என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். அவர்கள் கேட்கவில்லை. பஸ்ஸைப் போகச் சொல்லி விசிலும் ஊதிவிட்டார்கள்.

அப்போது வெள்ளைத் தலைப்பாகையும் வெள்ளைப் போர்வையுமாக இந்த மலையின் படுகர் இனப் பெரியவர் ஒருவர் படியில் வந்து நின்றார். “இந்த ஆளு நாளைக்கு என் காட்டுல கிழங்கு தோண்ட வரணும். இவரை விட்டுட்டு நான் போகமாட்டேன். என்னையும் எழுதிக்கங்க” என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிவிட்டார். அவர் இறங்கியதும் கண்டக்டர் இறங்கினார். டிரைவர் இஞ்சினை அணைத்தார். கால் மணி நேரம். கடைசியில் “ஏறுங்கய்யா” என்றார்கள். அந்தக் காவலரை நான் திட்டமாட்டேன், மேலிடத்து உத்தரவு அவரை அனுப்பியது. அவர் யாரையும் கொல்ல வரவில்லை, அங்கே அப்பாவின் பழமொழி பொருந்தும். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்!

பஸ்ஸில் அப்பா பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு, “ஐயா என்னை எங்கே பார்த்திருக்கீங்க?” என்றார். “எங்கேயும் பார்த்ததில்லை. உம் பையன் நனையறான்ல” என்றார் அவர்.

அன்றிரவு லைன் வீட்டில் விஷயம் பரவியது. என் சித்தப்பா மகன், என்னைவிட நான்கு வயது மூத்தவன், கல் அடுப்பைக் காலால் உதைத்து, “மனுவும் மயிரும்! நாலு பேரைப் போட்டாத்தான் இவனுங்களுக்குக் காது கேக்கும்” என்று கத்தினான். பெண் பிள்ளைகள் இருக்கும் சபையில் அந்த வார்த்தையைச் சொன்னதற்கு மன்னியுங்கள், அவன் சொன்னபடியே சொன்னேன். அப்பா அவனை அடிக்கவில்லை, உபதேசமும் செய்யவில்லை. மறுநாள் காலை அவனைத்தான் சங்க அலுவலகத்துக்கு அனுப்பினார், நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொல்லி. அவன் எழுதினான். சங்கத்துக்காரர்கள் உட்காரவைத்துக் கேட்டார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். இன்றைக்கு அவனுக்குப் பேரப்பிள்ளை இருக்கிறது. அன்று காலை அந்தக் கதவு சாத்தியிருந்து, வேறொருவன் டீ வாங்கிக் கொடுத்திருந்தால்?

அவைத் தலைவர் அவர்களே, என் கட்சி இதுதான். குண்டு வெடித்தால் கமிஷன் வருகிறது, மனு கொடுத்தால் ரசீது வருகிறது. இதை ஊரிலுள்ள இளைஞன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அரசு பற்றித் தனியாகச் சொல்ல இருந்ததும் இதற்குள்ளேயே வந்துவிட்டது. அந்நியக் கையும் நிஜம்தான், ஆனால் அந்தக் கை சாத்திய கதவுகளுக்கு வெளியே நிற்பவர்களைத்தான் முதலில் தேடுகிறது.

வட்டாட்சியர் ஐயா, உங்கள் முன்னிலையில் இதைச் சொல்லாமல் எங்கே சொல்வது? எங்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968-ல் இந்த மலையில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுதான் டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. காடாக இருந்த இடத்தில் எங்கள் பெற்றோர் அட்டைக்கடியோடு செடி வைத்தார்கள். 2022-ல் அந்த நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திரும்பத் தர முடிவானது. காடு காடாகட்டும், எங்களுக்குச் சந்தோஷம். செடி வைத்தவர் ஓய்வு பெற்றால் எங்கே போவார்? லைன் வீட்டுக்குப் பட்டா இல்லை. 1969-ன் ஜென்மி (பரம்பரை நிலக்கிழார்) ஒழிப்புச் சட்டத்தில், யாருக்குச் சொந்தம் என்று தீராமல் மாட்டிக்கொண்ட செக்‌ஷன் 17 நிலத்தில் குடியேறியவர்களுக்கும் பட்டா இல்லை, கரண்ட் வாங்கவே போராட்டம். சாதிச் சான்றிதழ் கேட்டுப் போகும் எங்கள் பிள்ளையிடம் பூர்வீகத்தைக் காட்டு என்கிறார்கள். பூர்வீகம் பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது ஐயா.

நான் மிரட்டவில்லை. எங்கள் ஜனம் எழுபத்தைந்து வருஷத்துக்கு மேலாக மனு எழுதிய ஜனம், இனியும் எழுதும். அந்தப் பொறுமைக்கு ஒரு பலன் உண்டு என்று எங்கள் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

வாசலில் டீ வைத்திருக்கும் மேசைக்குப் பக்கத்தில் மனு இருக்கிறது. வீட்டுமனைப் பட்டாவுக்கு ஒன்று, சாதிச் சான்றிதழுக்கு ஒன்று. கையெழுத்து வராதவர்களுக்கு மைப்பெட்டி இருக்கிறது. சேரம்பாடி பஸ்காரர்கள் முதலில் போட்டுவிட்டுப் போங்கள். வணக்கம்.