கொட்டாங்குச்சிக்குள் எத்தனை? ஒன்றாம் வகுப்புக்கு ஒரு ஜோடிக் கணக்கு

[காட்சி: வகுப்பறைத் தரை. எதிரெதிரே இரண்டு குழந்தைகள், நடுவில் கவிழ்த்த கொட்டாங்குச்சி]

குரல்: இரண்டு பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரே கணக்கைக் கொடுத்தால், வேகமான பிள்ளை போடும், மற்றது பார்த்து எழுதும். அது ஜோடி வேலை ஆகாது. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் கேட்பார்கள், யோசிப்பார்கள்.

[காட்சி: பொருட்கள்]

ஒரு ஜோடிக்கு 10 புளியங்கொட்டை, ஒரு கொட்டாங்குச்சி. கண் இல்லாத பாதியாக எடுங்கள். ஓட்டை இருந்தால் எட்டிப் பார்த்துவிடுவார்கள்! பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டைதான் முதலில் கைக்கு வரும். அது வேண்டாம், ஓட்டில் உள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். யு.கே.ஜி. பிள்ளைகளுக்குப் புளியங்கொட்டையும் கூடாது, மூக்கில் போட்டுக்கொள்வார்கள். பெரிய பாட்டில் மூடி கொடுங்கள்.

[காட்சி: விளையாட்டு]

5 கொட்டையில் தொடங்குங்கள். இருவரும் சேர்ந்து எண்ணி, "மொத்தம் அஞ்சு" என்று வாய்விட்டுச் சொல்லட்டும். ஒருவர் கண்ணை மூட, மற்றவர் மூன்றை ஒளித்து இரண்டை வெளியே விடுகிறார். கண் திறந்தவர் உள்ளே எத்தனை என்பதோடு, எப்படித் தெரியும் என்றும் சொல்ல வேண்டும். பிறகு திறந்து எண்ணுங்கள். ஐந்து முறை ஆனதும் ஆள் மாறுங்கள். மொத்தம் 8 நிமிடம் போதும். அதற்கு மேல் கொட்டை பறக்கும்.

எல்லாவற்றையும் ஒளிப்பார்கள், ஒன்றையுமே ஒளிக்காமலும் விடுவார்கள். விட்டுவிடுங்கள், பூஜ்யம் தானாக வருகிறது.

அடிக்கடி வரும் சிக்கல்: வெளியே இருக்கும் இரண்டைப் பார்த்து "ரெண்டு" என்பார்கள். மொத்தம் மனதில் நிற்கவில்லை என்று அர்த்தம். தரையில் சாக்பீஸால் 5 புள்ளி வைத்து, வெளியே உள்ள கொட்டைகளை அதன்மேல் வைக்கச் சொல்லுங்கள். காலிப் புள்ளிதான் விடை. விரல் விடாமல் சட்டென்று சொல்லும்வரை ஆறுக்குப் போகாதீர்கள்.

[காட்சி: ஆசிரியர் நோட்டு]

யாரோடு யார்? 24 பேரை வேகப்படி வரிசை எழுதி, 1-க்கு 13, 2-க்கு 14 என்று சேருங்கள். முதல் ஆளையும் கடைசி ஆளையும் சேர்த்தால் ஒருவர் வாத்தியார் ஆகிவிடுவார். பட்டியல் பிள்ளைகள் கண்ணில் படக்கூடாது. ஒருவர் மிஞ்சினால் மூவராக விடுங்கள்; மூன்றாமவர் கொட்டாங்குச்சியைத் திறப்பவர்.

பத்து வரை வந்தபின் எண் அட்டைக்கு மாறலாம். அப்போது எதிரெதிரே வேண்டாம், பக்கத்தில் பக்கத்தில் உட்கார வையுங்கள். எதிரில் இருப்பவருக்கு 6 என்பது 9 ஆகத் தெரியும்.