பழைய பீரங்கியை வெளிநாட்டிலேர்ந்து வீட்டுக்குக் கொண்டு வர்றது எப்படி?

வணக்கம் மக்களே. பத்தாங் பெர்ஜுந்தையிலேர்ந்து பேசுறேன். இப்ப ரோட்டு போர்டுல பெஸ்தாரி ஜெயான்னு இருக்கும். பக்கத்துல கோலா சிலாங்கூர் புக்கிட் மெலாவாத்தியில ஏறிப் பார்த்தவங்களுக்குப் பீரங்கி தெரியும். அதே மாதிரி ஒண்ண இங்கிலாந்துல வாங்கி வீட்டு வாசல் வரைக்கும் கொண்டு வர முடியுமான்னு கேட்குறீங்க. முடியும். ஆனா முக்கால்வாசி வேலை காசு கட்டுறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும்.

முதல்ல இதைப் பாருங்க, கேமராவைக் கிட்ட கொண்டு போறேன். பீரங்கியோட பின்பக்கம், தடிச்ச வளையத்துக்குப் பக்கத்துல மூணு எண் வெட்டியிருக்கு: 9, 2, 14. இது எடை. பழைய பிரிட்டிஷ் கணக்குல முதல் எண் ஹண்ட்ரட்வெயிட், அதாவது 112 பவுண்டு. ரெண்டாவது குவார்ட்டர், 28 பவுண்டு. மூணாவது வெறும் பவுண்டு. 9 தடவை 112ன்னா 1008, கூட 56, கூட 14. மொத்தம் 1078 பவுண்டு, நம்ம கணக்குல 489 கிலோ. ஏலக்காரர் அனுப்புற போட்டோவுல இந்த எண் தெரியலன்னா, தனியா கேட்டு வாங்குங்க. டச்சுப் பீரங்கின்னா எடையை ஆம்ஸ்டர்டாம் பவுண்டுல போட்டிருப்பாங்க, அது ஏறக்குறைய 494 கிராம்.

எண் கிடைச்சதும், அங்கேயே தராசுல வச்சு நிறுத்து எழுதித் தரச் சொல்லுங்க. ஏன்னா, வார்ப்பிரும்பு ரொம்ப வருஷம் கடல்ல கிடந்தா இரும்பு கரைஞ்சு போய் கிராஃபைட் மட்டும் அதே வடிவத்துல நிக்கும். பார்க்க முழுசா இருக்கும், பேனாக்கத்தி வச்சா பென்சில் முனை மாதிரி சீவிட்டு வரும். வெட்டின எடை 489, தராசு எடை 430ன்னா, மீதி கடல்ல போயிடுச்சுன்னு அர்த்தம். அதை வாங்காதீங்க. நம்ம ஊர் ஈரத்துல அது தாங்காது.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. உள்ள வெடிமருந்து இருக்கான்னு பார்க்கணும். 2013 ஜனவரியில நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல, எச்.எம்.எஸ். ஹஸ்ஸார் கப்பலோட பீரங்கியைச் சுத்தம் பண்றப்ப உள்ளே வெடிமருந்தும் குண்டும் அப்படியே இருந்துச்சு. வெளியில முகவாய்லேர்ந்து, அதாவது குண்டு வெளியே வர்ற வாய்லேர்ந்து, பின்னால இருக்கிற பத்தவைக்கிற துளை வரைக்கும் டேப் வச்சு அளங்க. அப்புறம் ஒரு மரக்குச்சியை உள்ள விட்டு அளங்க. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா வரணும். குச்சி ஒரு அடி முன்னாலேயே நின்னா, அடைப்பு மண்ணா இருக்கலாம், குண்டாவும் இருக்கலாம். இரும்புக் கம்பி விட்டுக் குத்துறது, டிரில் போடுறது எதுவும் கூடாது. விக்கிறவர் அந்த ஊர் போலீசைக் கூப்பிட்டு வெடிகுண்டு நிபுணர் மூலமா காலி பண்ணிட்டு, காலின்னு எழுதிக் கொடுக்கட்டும். அந்தக் கடிதம் இல்லாம எந்தக் கப்பல் ஏஜெண்டும் தொடக் கூடாது.

இப்ப பேப்பர். பிரிட்டன் மண்ணுலயோ அவங்க கடல் எல்லையிலயோ தோண்டி எடுத்த பழம்பொருள்னா, விலை எவ்வளவு கம்மியா இருந்தாலும் ஏற்றுமதி லைசென்ஸ் வேணும். ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலாந்துதான் அதைக் கொடுக்குது. உடைஞ்ச கப்பல்லேர்ந்து எடுத்ததுன்னா, 1995 மெர்ச்சண்ட் ஷிப்பிங் சட்டப்படி ரிசீவர் ஆஃப் ரெக்குக்கு, அதாவது உடைஞ்ச கப்பல் பொருளைக் கவனிக்கிற அரசு அதிகாரிக்குத் தெரிவிச்ச பேப்பரும் இருக்கணும். இது ரெண்டும் விக்கிறவர் பொறுப்பு.

நம்ம பக்கம் இன்னும் கண்டிப்பு. 1960 ஆயுதச் சட்டம் 'குண்டு வெளியேறக்கூடிய குழல்'ங்கிற அடிப்படையில பேசுது. வயசாயிடுச்சு, அலங்காரத்துக்குத்தான்னு நாமளா முடிவு பண்ணக் கூடாது. போட்டோ, அளவு, எடை, காலின்னு கொடுத்த கடிதம், வாங்கின ரசீது எல்லாம் வச்சு போலீசுக்கு எழுத்துல விண்ணப்பம் போட்டு, எழுத்துலயே பதில் வாங்குங்க. "பழம்பொருள்தானே, பிரச்சன இல்லண்ணே"ன்னு ஏஜெண்டு வாய்ல சொல்றதை நம்பிக் கப்பல் ஏத்தாதீங்க. பெர்மிட் இல்லாம துறைமுகத்துல நின்னா ஸ்டோரேஜ் வாடகை ஏறுறது சின்ன விஷயம். இது ஆயுத வழக்கா மாறினா கதையே வேற, அதுல சிறையும் இருக்கு.

சுங்கத்துக்கு கே1 படிவம், அதாவது இறக்குமதி அறிவிப்பு போடுறப்ப எச்.எஸ். எண்ணைக் கவனிங்க. அது சரக்கு எந்த வகைன்னு சொல்ற சுங்க எண். ஆயுதம் 93-ஆம் அத்தியாயம். ஆனா அந்த அத்தியாயக் குறிப்பே, சேகரிப்புப் பொருளையும் பழம்பொருளையும் 97.05, 97.06க்குத் தள்ளுது. 97.06 நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழம்பொருளுக்கு. வயசை நிரூபிக்கிற பேப்பர் இல்லன்னா அது உங்களுக்குக் கிடைக்காது. எண் மாறினாலும் போலீஸ் பெர்மிட் தேவை மாறாது, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. வரி சி.ஐ.எப். மதிப்புல கணக்காகும், அதாவது பொருள் விலையோட கப்பல் கூலியும் இன்சூரன்சும் சேரும்.

பெட்டிக்கு வருவோம், இங்கதான் நிறைய கெட்டுப் போகுது. பீரங்கிக்குப் பின்பக்கம் கனம். பெட்டியோட நடுவும் எடையோட நடுவும் ஒண்ணு இல்ல. ஃபோர்க்லிஃப்ட் ஆள் பெட்டி நடுவைப் பார்த்து முள்ளை விட்டா, பின்பக்கம் இறங்கிக் கவுந்துடும். அதனால எடை நடுவைக் கண்டுபிடிச்சு பெட்டியோட நீளவாட்டுப் பக்கம் ரெண்டுலயும் பெயிண்ட்ல கோடு போடச் சொல்லுங்க. அடியில பத்து சென்டிமீட்டர் இடைவெளி வேணும். உள்ள ரெண்டு மரத் தொட்டில், ஒண்ணு பின்னால, ஒண்ணு ரெண்டு பக்கமும் நீட்டிட்டு இருக்கிற முளைக்கு முன்னால. ஆப்புக்கட்டை ஆணியில மட்டும் நிக்கக் கூடாது, போல்ட் போடணும். முன்னும் பின்னும் தடுப்புக் கட்டை. கப்பல் ஆடுறப்ப பக்கவாட்டு விசை எடையில முக்கால்வாசிக்கு மேல வரும். 489 கிலோ உருள ஆரம்பிச்சா பலகை நிக்காது.

பெட்டி மரம் எல்லாத்துலயும் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இருக்கணும், பூச்சி போக மரத்தைப் பதப்படுத்தினதுக்கான உலக முத்திரை அது. அதுல எச்.டி.ன்னு இருந்தா, மரத்தோட நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரியில அரை மணி நேரம் சூடாக்கினதுக்கு அடையாளம். பீரங்கியோட பழைய மரவண்டியை நான் கொண்டு வரச் சொல்ல மாட்டேன். பூச்சி இருக்கும், பெரும்பாலும் பின்னாடி செஞ்சதுதான். இங்க செங்கால் மரத்துல புதுசா அடிச்சுக்கலாம்.

இரும்பை பிளாஸ்டிக்ல இறுக்கமா சுத்தாதீங்க, வேர்வை பூத்து உள்ளயே நிக்கும். நல்லா காய வச்சு, மைக்ரோகிறிஸ்டலைன் மெழுகு தேய்ச்சு, பெட்டிக்குள்ள ஈரம் உறிஞ்சுற பை தொங்க விட்டாப் போதும்.

எல்.சி.எல்.ல, அதாவது மத்தவங்க சரக்கோட ஒரே கண்டெய்னர்ல அனுப்புறப்ப, ஒரு டன், ஒரு கன மீட்டர் ரெண்டுல எது அதிகமோ அதுக்குக் கூலி. இந்த அளவு பெட்டி குறைஞ்சபட்ச கட்டணத்துலயே அடங்கிடும். கப்பல் கூலியைப் பார்த்து சந்தோஷப்படாதீங்க, கிள்ளான்ல இறக்கு கூலி, டெலிவரி ஆர்டர், கிடங்கு வாடகைதான் பெரிசு. அதையெல்லாம் சேர்த்துக் கோட்டேஷன் கேளுங்க.

வீட்ல இறக்க கிரேன் லோரி வேணும். செம்பனைக் குலை தூக்குற கிராப்பரைக் கூப்பிடாதீங்க, அதோட இரும்பு நகம் பழைய வார்ப்பிரும்பைச் சில்லு சில்லா பேர்க்கும். தூக்குறதுக்குக் கட்டுற துணிப் பட்டைதான் சிலிங். ஊதா கலர் சிலிங் ஒரு டன் தாங்கும், பச்சை ரெண்டு டன். பச்சையே போடுங்க. சிலிங் தரையோட 60 டிகிரி கோணத்துல இருந்தா ஒவ்வொரு பக்கமும் எடையில 58 சதவீதம் தாங்கும். 30 டிகிரிக்குச் சாஞ்சா ஒவ்வொரு பக்கமும் முழு எடையையும் தாங்கணும். கிரேன் கை நீள நீள தூக்குற சக்தி குறையும். லோரியைக் கிட்ட நிறுத்த இடம் இருக்கா, மேல கரண்டு கம்பி போகுதா, கிரேன் கால் ஊனுற இடம் லோங்காங் (சாக்கடை) ஓரம் இளகின மண்ணான்னு முன்னாடியே பாருங்க. கார் போர்ச் டைல்ஸ் மேல நேரா வைக்காதீங்க, அடியில வெத்திடம் இருந்தா உடைஞ்சிடும். கனமான பலகை போடுங்க.

கூரைக்கு அடியில செங்கால் கட்டை மேல, முகவாய் கொஞ்சம் கீழே சாஞ்ச மாதிரி வைங்க, தண்ணி உள்ள தேங்காது. முதல் ஒரு வருஷம் மாசம் ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பாருங்க. ஆரஞ்சு கலர்ல சின்னச் சின்னத் துளி பூத்திருந்தா, உள்ள கடல் உப்பு இன்னும் இருக்கு. அது மேல பெயிண்ட் அடிச்சா பெயிண்டோட சேர்ந்து இரும்பும் தகடு தகடா உரியும். அதுக்குக் காரத் தண்ணியில வச்சு மின்சாரம் பாய்ச்சி உப்பை இழுக்கணும், மாசக் கணக்குல ஆகும். பழம்பொருள் பாதுகாப்பு தெரிஞ்சவங்க கையில கொடுங்க.