மாலை நாலரை மணிப் பசி

(பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பகுதி வாசகசாலை ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் இருக்கும் வார்டு மெம்பர் அவர்களே, குடும்பஸ்ரீ மகளிர் குழு அக்காமார்களே, பின்வரிசையில் உட்கார்ந்து எதையோ கொறித்துக்கொண்டிருக்கும் தம்பிகளே, வணக்கம்.

'பாக்கெட் தீனியைத் தவிர்ப்போம்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தவிர்க்க வேண்டும் என்பது இங்கே யாருக்குத் தெரியாது? தெரிந்தும் ஏன் வாங்குகிறோம் என்று பேசலாம்.

கையில் இருக்கும் இந்தத் தீனிப் பாக்கெட்டை வரும் வழியில் ஒரு பெட்டிக்கடையில் வாங்கினேன். ஐந்து ரூபாய். முன்பக்கம் பளபளவென்று தக்காளிப் படம். பின்பக்கத்தைப் படிக்கிறேன், கேளுங்கள்: சோள மாவு, பாமாயில், மால்டோடெக்ஸ்ட்ரின், உப்பு, சர்க்கரை, தக்காளிப் பொடி, அப்புறம் 330, 627, 631 என்று சேர்க்கைப் பொருள்களின் எண்கள். எடை அதிகமுள்ளதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். ஆக, படத்தில் முன்னால் நிற்கும் தக்காளி, பட்டியலில் உப்புக்கும் சர்க்கரைக்கும் பின்னால் நிற்கிறது. 330 புளிப்புக்கு. 627, 631 இரண்டும் நாக்கு இன்னும் கேட்பதற்கு. விஷம் என்று பயமுறுத்த மாட்டேன், எல்லாம் அரசு அனுமதித்தவைதான். ஆனால் நம் அடுக்களை டப்பா எதிலும் இந்த 627, 631 இருக்காது.

இந்த விவரமெல்லாம் ஆங்கிலத்தில், கண்ணைச் சுருக்கினால்தான் தெரிகிற எழுத்தில் இருக்கிறது. ஆங்கிலம் அல்லது இந்தி, ஏதாவது ஒன்றில் போட்டால் போதும் என்கிறது விதி. வீட்டில் தமிழும் பஸ் போர்டில் மலையாளமும் படிக்கிற நம் ஊர் அம்மாவிடம் 'படித்துப் பார்த்து வாங்கு' என்று சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

பிரேசிலில் கார்லோஸ் மொன்டேரோ என்ற பேராசிரியரின் குழு, உணவை எந்த அளவுக்குப் பதப்படுத்தியிருக்கிறார்கள் என்று பார்த்துப் பிரிக்க உருவாக்கிய 'நோவா' வகைப்பாட்டில், இந்தப் பாக்கெட் மிகையாகப் பதப்படுத்திய உணவு. தயிரும் வீட்டு ஊறுகாயும் அதில் சேராது. வீட்டில் கிண்டிய மைசூர்பாகும் சேராது. ஆனால் சர்க்கரை நோய்க்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

2019-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்பவர் 20 பேரைத் தங்கவைத்து, மிகையாகப் பதப்படுத்தியது, அப்படிப் பதப்படுத்தாதது என்று இரண்டு வகைச் சாப்பாட்டையும் இரண்டிரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தார். பரிமாறியதில் சர்க்கரை, உப்பு, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. வேண்டியதைச் சாப்பிடலாம். மிகையாகப் பதப்படுத்தியதைச் சாப்பிட்ட நாட்களில் தினம் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. வேகவேகமாகவும் சாப்பிட்டார்கள். எடையும் ஒரு கிலோவை ஒட்டிக் கூடியது. அதனால் பிள்ளைக்கு நாக்கு அடங்கவில்லை என்று திட்டுவதை முதலில் நிறுத்துங்கள். இன்னொன்று, அந்த ஆய்விலும் நல்ல சாப்பாட்டுக்குத்தான் செலவு அதிகம் ஆனது.

நம் கேரள அரசு 2016-இல் பர்கர், பீட்சாவுக்கு 14.5 சதவீதக் கொழுப்பு வரி போட்டது. பெரிய பிராண்டு ஹோட்டல்களுக்கு. இந்த ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டை அது தொடவே இல்லை. மறு வருஷம் ஜிஎஸ்டி வந்தது, கதை முடிந்தது.

சரி, நம் ஊருக்கு வருவோம். பிள்ளை நாலரை மணிக்கு வீடு வந்துவிடுகிறது. தொழிலுறப்பு என்கிற ஊரக வேலை உறுதித் திட்ட வேலைக்குப் போன அம்மா வந்து கை கால் கழுவவே நேரமாகிவிடும். பொள்ளாச்சிப் பக்கம் வேலைக்குப் போனவர் வர இருட்டிவிடும். அந்த இடைவெளியில்தான் பாக்கெட் நுழைகிறது. கம்பு நல்லது, ராகி நல்லது என்று நான் இங்கே முழங்கலாம். நாலரை மணிக்கு அதை யார் அடுப்பில் வைப்பது?

பள்ளியிலிருந்து 50 மீட்டருக்குள் உப்பு, சர்க்கரை, கொழுப்பு மிகுந்த தீனி விற்கக் கூடாது என்று 2020-ஆம் வருஷ விதி இருக்கிறது. அதற்காக டேப்பை எடுத்துக்கொண்டு கடைக்கார அண்ணனிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவரிடம் கேட்டேன், சுண்டல் வைக்கலாமே என்று. "பாக்கெட் மாசக்கணக்குல தொங்கும்ங்க, சுண்டல் ராத்திரிக்குள்ள ஊசிப்போயிடும், அந்த நட்டம் யாரோடது?" என்றார். மொத்த விஷயமும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

குழந்தைகளுக்கான அமிர்தம் பொடியைக் கோதுமை, கடலைப்பருப்பு, சோயா, நிலக்கடலை எல்லாம் சேர்த்து அரைப்பது குடும்பஸ்ரீ யூனிட்டுகள்தான். அந்தக் கைகளுக்கு ஒரு அண்டா நிலக்கடலை வேகவைப்பது பெரிய காரியமா? பொட்டலம் ஐந்து ரூபாய், கடை வாசலில், நாலரை மணிக்கு. மெம்பர் அவர்களே, முதல் மாதம் மிச்சமாகும் கடலையின் நட்டத்தைப் பஞ்சாயத்து ஏற்குமா, குழு ஏற்குமா? அக்காமார்கள் இருக்கிறார்கள், கடைக்கார அண்ணனும் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். கூட்டம் கலைவதற்குள் பேசி முடித்துவிடுங்கள்.