காற்றைக் கேட்ட பாட்டும் தேக்காவில் ஒலிக்கும் குரலும்

[காட்சி: சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை, ஞாயிற்றுக்கிழமை மாலை. புல்தரையில் அமர்ந்திருக்கும் வெளிநாட்டு ஊழியர்கள்.]

வணக்கம். பாரதியார் ஃபிஜித் தீவுக்குப் போனதில்லை. ஆனாலும் அங்கே கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாகச் சிக்கிய நம் பெண்களுக்காகப் பாட்டு எழுதினார். அதில் அவர் யாரிடம் விசாரிக்கிறார் தெரியுமா? காற்றிடம்! அவர்கள் விம்மி அழுததை நீ கேட்டிருப்பாயே என்கிறார். அந்தப் பெண்களின் சொந்தக் குரல் அவர் காதுக்கு எட்ட வேறு வழியில்லை.

ஃபிஜியின் கூலி ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி 1 அன்று ரத்தாயின. பாட்டுதான் அதைச் சாதித்தது என்று சொல்ல மாட்டேன். பலருடைய நெடிய போராட்டம் அது. ஆனால் ஃபிஜி என்றதும் இன்றும் என் மனத்தில் எழுவது அந்த அழுகுரல்தான்.

[காட்சி: சிதார், சரோத், தபலா.]

அடுத்து நியூயார்க், 1971 ஆகஸ்ட் 1. வங்கதேச விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. லட்சக்கணக்கான அகதிகள் இந்தியாவுக்குள் வந்துகொண்டிருந்தார்கள். சிதார் மேதை பண்டிட் ரவிசங்கர் தன் நண்பர், 'பீட்டில்ஸ்' இசைக்குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனிடம் உதவி கேட்க, மேடிசன் ஸ்குவேர் கார்டனில் ஒரே நாளில் இரண்டு கச்சேரிகள் நடந்தன. சிதாருக்குச் சுருதி சேர்த்ததற்கே அரங்கம் கைதட்டியதாம்! பழக்கமில்லாத இசைதான். ஆனாலும் உட்கார்ந்து கேட்டார்கள். வங்கதேசம் என்ற பெயரும் அவர்கள் காதில் விழுந்தது.

இரண்டு இடத்திலும் பாடியவர் வேறு, பாடுபட்டவர் வேறு. சிங்கப்பூரில் நடந்ததை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான்.

[காட்சி: ரோவல் ரோடு.]

தேக்கா என்று நாம் சொல்லும் லிட்டில் இந்தியாவை ஒட்டிய ரோவல் ரோட்டில் 2011ஆம் ஆண்டு 'திபாஷ்ரம்' என்ற இடம் தொடங்கியது. வங்கதேச ஊழியர்கள் வேலை முடிந்து வந்து, தாங்கள் எழுதியதை அங்கே தாங்களே பாடினார்கள், வாசித்தார்கள். 2014இல் வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டி பிறந்தது. முதலில் வங்க மொழிக்காரர்கள். பிறகு தமிழ் உட்படப் பிற மொழியினரும் வந்தார்கள். முதல் இரண்டு ஆண்டும் வென்றவர் ஜாகிர் ஹுசைன் கோகன், கட்டுமானத் துறை ஊழியர். 1971இல் எந்த மண்ணுக்காகப் பிறர் வாசித்தார்களோ, அந்த மண்ணின் பிள்ளை இங்கே தன் கவிதையைத் தானே வாசித்தார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2022இல் அவருடைய வேலை அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. ஊழியர் தங்குவிடுதி பற்றி அவர் ஃபேஸ்புக்கில் எழுதிய பதிவு தவறான சித்திரிப்பு என்றது மனிதவள அமைச்சு. ஏறத்தாழ 19 ஆண்டு இங்கே உழைத்தவர் ஊர் திரும்பினார். எனக்கு அது இன்னும் வலிக்கிறது. அவர் மேடையேறியபோது கைதட்டிய நாம், அவர் அன்றாட வாழ்வைப் பற்றிப் பேசியபோதும் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.

[காட்சி: ஒருவர் கைப்பேசித் திரையைப் பார்த்து வாசிக்கிறார்.]

மனித உரிமை என்பது பெரிய சொல். அந்தக் கவிதைகளில் வருவதோ சின்னச் சின்னச் செய்திகள்: ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன், லாரியின் பின்தட்டில் நனைந்த சட்டை, தொலைபேசியில் மட்டும் அப்பாவைத் தெரிந்த மகள். சம்பளம், பாதுகாப்பு, குடும்பம் என்று உரிமைச் சட்டங்கள் பேசுவதெல்லாம் இவைதானே?

இந்த ஊழியர்களின் கவிதை வாசிப்பு நிகழ்ச்சிக்குப் போனால் மொழிபெயர்ப்புத் தாளை முதலில் மடியில் கவிழ்த்து வையுங்கள். கவிஞர் தன் மொழியில் வாசித்து முடிக்கட்டும். எந்த வரியில் குரல் நின்று மறுபடி தொடங்குகிறது என்று கவனியுங்கள். பிறகு தாளைத் திருப்பி, அந்த வரியைத் தேடுங்கள்.