மேஜை விளக்கும் ஒரு ஆம்பளைக் கையும்

வணக்கம் மக்களே! இன்னைக்கு ஒரே ஒரு படம்தான். உத்துப் பாருங்க.

மேஜை விளக்கு தெரியுதா? மேல ஷேடு. கீழ தண்டு இருக்கவேண்டிய இடத்துல ஒரு பொண்ணு, ஒயிலா உட்கார்ந்திருக்கா. பக்கத்துல ஒரு ஆம்பளைக் கை, விரல் சுவிட்சை நோக்கிப் போகுது. தலைப்பு என்ன தெரியுமா? ‘வீட்டுக்கான மின்சாதனங்கள்’! முதல்ல நான் சிரிச்சுட்டேன். அப்புறம்தான் அந்தக் கையைக் கவனிச்சேன். அவளுக்குப் பக்கத்துல அது ராட்சசக் கை. ஆளோட முகம் படத்துலயே இல்ல. யாராவேணா இருக்கலாம், இல்லையா?

இந்தப் படத்தைச் செஞ்சவங்க கிரெட்டே ஸ்டெர்ன்னு ஒரு போட்டோகிராபர். 1904-ல ஜெர்மனியில பிறந்தவங்க, பௌஹவுஸ்ங்கிற கலை-வடிவமைப்புப் பள்ளியில படிச்சவங்க, யூதர். ஹிட்லர் வந்ததும் லண்டன், 1935-ல அர்ஜென்டினா.

அங்க பியூனஸ் அயர்ஸ்ல ‘இடிலியோ’ன்னு பெண்களுக்கான ஒரு வாரப் பத்திரிகை. வாசகிகள் தங்களோட கனவை எழுதி அனுப்பினா ‘ரிச்சர்ட் ரெஸ்ட்’ விளக்கம் சொல்வார். அப்படி ஒரு ஆளே கிடையாதுங்க! ஜினோ ஜெர்மானின்னு ஒரு சமூகவியலாளரும் என்ரிக்கே புட்டெல்மனும் சேர்ந்து வெச்சுக்கிட்ட புனைபெயர் அது. 1948-லேர்ந்து 1951 வரைக்கும் அந்தக் கனவுகளுக்குப் படம் செஞ்சது ஸ்டெர்ன்.

அதாவது, கனவு கண்டது பொம்பளைங்க, அர்த்தம் சொன்னது ரெண்டு ஆம்பளைங்க. நடுவுல கத்தரிக்கோலோட ஒரு பொம்பளை. எனக்குப் பிடிச்ச இடமே இதுதான். கனவுக்கு இப்படி அர்த்தம் சொல்ற முறைக்குப் பேரு உளப்பகுப்பாய்வு. அதுல ‘உன் மனசுக்குள்ள தேடு’ம்பாங்க. இவங்க படத்துல காரணம் வெளியதான் இருக்கு, சட்டைக்கை போட்டுக்கிட்டு!

அந்த வருஷங்களையும் பாருங்க. அர்ஜென்டினாப் பெண்களுக்கு ஓட்டுரிமைச் சட்டம் வந்தது 1947-ல. தேசிய தேர்தல்ல அவங்க முதல்முறையா ஓட்டுப் போட்டது 1951 நவம்பர்ல. சட்டத்துக்கும் ஓட்டுப்பெட்டிக்கும் நடுவுல வந்த படங்கள்தான் இதெல்லாம்.

கம்ப்யூட்டர் எல்லாம் ஏது? போட்டோவை வெட்டி, ஒட்டி, ஒட்டினதை மறுபடி போட்டோ எடுக்கணும். மாடலுக்குக் காசு குடுத்து ஆள் பிடிக்கல. மகள், தோழிகள், அக்கம்பக்கத்துக்காரங்கதான்.

நூறுக்கும் மேல செஞ்சாங்க. பத்திரிகைக்குக் குடுத்த ஒரிஜினல் பெரும்பாலும் போயிடுச்சு. 46 படத்துக்கு மட்டும் நெகட்டிவ் எடுத்து வெச்சிருந்தாங்க. வாரம் முடிஞ்சா பழைய பேப்பர்க் கட்டுக்குப் போற பத்திரிகைக்காக ஒட்டினது, இன்னைக்கு மியூசியச் சுவர்ல தொங்குதுன்னா அந்த நெகட்டிவ்களாலதான்.

சரி, படத்தை இன்னொரு தடவை போடுறேன். விரலைப் பாருங்க, இன்னும் சுவிட்சை அழுத்தல.