டிராவையும் சேர்த்துக் கட்டுவது

வணக்கம் நேயர்களே. பல வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். கால்பந்துப் பந்தயத்தில் 'ரிஸ்க் கம்மி' என்று பலரும் நம்பும் டபுள் சான்ஸைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஓர் ஆட்டத்துக்கு மூன்று முடிவுகள்தானே? இந்த அணி, அந்த அணி, இல்லையென்றால் டிரா. மூன்றில் இரண்டைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வதுதான் டபுள் சான்ஸ்.

2022 டிசம்பர் 18, கத்தார், உலகக் கோப்பை இறுதி ஆட்டம். இங்கே லண்டனில் பக்கத்து வீட்டுத் தம்பி அர்ஜென்டினா மேல் கட்டிவிட்டு எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தார். மெஸ்ஸி ஒன்று, டி மரியா ஒன்று. தம்பி பந்தயச் சீட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். 80ஆவது நிமிடம் பிரான்ஸின் எம்பாப்பே ஒன்று போட்டார், அடுத்த நிமிடமே இன்னொன்று. கூடுதல் நேரமும் முடிந்து 3-3. கடைசியில் பெனால்ட்டியில் கோப்பை அர்ஜென்டினாவுக்கு! தம்பி என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். மறுநாள் பந்தயக் கடைக்குப் போனால் காசு கிடையாது.

ஏன் தெரியுமா? சாதாரணப் பந்தயத்துக்கு 90 நிமிடமும் நடுவர் சேர்த்துத் தரும் நிமிடங்களும்தான் கணக்கு. மறுபடி சொல்கிறேன், அதன் பிறகு ஆடும் கூடுதல் நேரம் கணக்கில் வராது. 90 நிமிடத்தில் 2-2. கோப்பை யாருக்குப் போனாலும் சீட்டுக்கு அது டிராதான். 'அர்ஜென்டினா அல்லது டிரா' என்று டபுள் சான்ஸ் கட்டியிருந்தால் காசு வந்திருக்கும். டிரா ஆனால் பந்தயமே ரத்து என்கிற 'டிரா நோ பெட்' கட்டியிருந்தால் போட்ட பணமாவது திரும்பியிருக்கும்.

சரி, இந்தப் பாதுகாப்பு சும்மா வருமா? 100 பவுண்டு கட்டி ஜெயித்தால் 200 கிடைக்கிற அணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே அணிக்கு டபுள் சான்ஸில் 125 சுமாருக்குத்தான் கிடைக்கும். லாபம் 25. நாலு தடவை ஜெயித்துச் சேர்த்த 100, ஐந்தாவது தடவை தோற்றால் மொத்தமாகப் போய்விடும். அந்தத் தோல்வி வராமலா இருக்கும்? அதே உலகக் கோப்பையில், 36 ஆட்டமாகத் தோற்காமல் வந்த அர்ஜென்டினா சவூதியிடம் 1-2 என்று தோற்றது. டபுள் சான்ஸ் கட்டியவர் பணமும் போனது. தோற்கிற வாய்ப்பு குறைந்தால் தொகையும் குறையும், கடைக்காரர் பங்கு மட்டும் உள்ளேயே இருக்கும். இதை எழுதிக்கூட வைத்துக்கொள்ளுங்கள்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். ஓர் அணிக்குக் கோல் கூட்டியோ குறைத்தோ கணக்குப் பார்க்கும் ஏசியன் ஹேண்டிகேப்பை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஒரே வரியில் சொல்கிறேன்: உங்கள் அணிக்கு அரை கோல் முன்கூட்டியே கொடுத்தால் அது டபுள் சான்ஸேதான், பூஜ்யம் என்றால் டிரா நோ பெட். வணக்கம்.