சைக்கிள் ரிம்மில் ஒரு பாவாடை

வணக்கம் மக்களே. மட்டக்களப்பு, கல்லடியில் இருந்து பேசுகிறேன். எனக்குப் பின்னால் நிற்கிற, கழிவுப் பொருட்களால் நான் செய்துவரும் இந்த இரும்புப் பெண் சிலையைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். வாருங்கள், கிட்டப் போய்ப் பார்ப்போம்.

முதலில் பாவாடை. சின்னப் பிள்ளைகளின் சைக்கிள் ரிம் மேலே, பெரிய ரிம் கீழே. கம்பிகளைக் கழற்றிவிட்டு, கடற்கரையில் ஒதுங்கிய தங்கூசி (நைலான்) வலையைச் சுற்றி இழுத்துக் கட்டியிருக்கிறேன். வெல்டிங் வைக்கும் இடத்தில் ரிம்மின் மினுக்கப் பூச்சைக் கிரைண்டரால் சுரண்டிவிட வேண்டும், அந்தப் புகை நெஞ்சுக்குக் கூடாது. எங்கள் பக்கத்து வடமோடிக் கூத்துப் பார்த்தவர்கள் இதைக் கரப்புடுப்பு, அதாவது கூத்தர்கள் கட்டும் விரிந்த உடுப்பு, என்பார்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) வழிவந்த பறங்கியரின் கல்யாண வீட்டில் வயலின் தொடங்கியதும் கபிரிஞ்ஞா நடனம் ஆட இறங்குகிற பெண்களின் பாவாடை என்று எங்கள் மாமி சொன்னா. இரண்டும் சரிதான்.

என் அப்பா பறங்கியர், அம்மா தமிழ். "அப்ப நீ பாதிப் பறங்கியா?" என்று கேட்பார்கள். அந்தப் பாதிக் கணக்கு எனக்குப் பிடிபடவே இல்லை. மட்டக்களப்பில் குடி என்கிற குலப்பிரிவு தாய்வழியில் வருகிறது. பறங்கியர் வீட்டில் குடும்பப் பெயர் தகப்பன் வழியில் வருகிறது. எனக்குக் குடியும் முழுசாக வந்தது, பெயரும் முழுசாக வந்தது. ஒன்றால் மற்றது குறையவில்லையே! முகத்தில் ஒரு பக்கம் தகரம், மறுபக்கம் செம்பு வை என்று நண்பர்கள் சொன்னபோது நான் மறுத்தது அதனால்தான்.

உடம்பு ஒரு பழைய தையல் மெஷின். வார்ப்பிரும்பு என்பதால் வெல்டிங் வைத்தால் வெடித்துவிடும், துளை போட்டு போல்ட் முடுக்கினேன். தையல், தச்சு, இரும்பு வேலை எல்லாம் எங்கள் பறங்கியரின் தொழில்கள். போர்த்துக்கேயர் இங்கே 1628இல் கோட்டை கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்துவிட்டார்கள். ஆனால் போர்த்துக்கேயமும் உள்ளூர் மொழியும் கலந்த கிரியோல் பேச்சு இன்றும் சில வீடுகளில் கேட்கிறது.

ஏன் கழிவுப் பொருள்? 2004 சுனாமி, பறங்கியர் வாழ்ந்த கடற்கரைப் பகுதியான டச்பாரை அடித்தபோது அவர்களின் உயிர்களும் வீடுகளும் போயின. ஒரு படம்கூட மிஞ்சாத குடும்பங்கள் உண்டு. எடுத்துவைத்த பொருள் இல்லாதபோது, எறிந்த பொருளில்தான் நம்மைத் தேட வேண்டியிருக்கிறது. கானாவில் பிறந்து நைஜீரியாவில் நெடுங்காலம் வேலை செய்த எல் அனட்சுய் என்ற சிற்பி, மதுப் போத்தல் மூடிகளைச் செம்புக் கம்பியால் கோத்துப் பெரிய திரைச்சீலைகள் போலத் தொங்கவிடுகிறார். ஐரோப்பியர் ஆப்பிரிக்காவுக்கு மதுவைக் கொண்டுவந்து வியாபாரம் செய்த கதை அந்த மூடிகளிலேயே இருக்கிறது. எனக்கு அந்த ரிம்மும் மெஷினும் அப்படித்தான்.

கைகள் இன்னும் வைக்கவில்லை. உடைந்த வயலினோ அறுந்த சதங்கையோ வீட்டில் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள், கமெண்டில் சொல்லுங்கள். காத்தான்குடி, கல்முனைப் பக்கம் என்றாலும் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.